பேயா, விஞ்ஞானமா? – 'கொலையுதிர் காலம்' பெற்ற வாசகர்கள்

1981ஆம் ஆண்டு குமுதம் வார இதழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தொடர்கதையாக வெளிவந்தது. இலையுதிர் காலம் என்னும் பழகிய தொடரில் முதலெழுத்தை மட்டும் மாற்றியமைத்த தலைப்பு. கவிஞர்களும் பொறாமைப்படத்தக்க சிக்கனம் அது. ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு பழைய மாளிகை. சொத்துரிமை பெறும் வயதை எட்டும் லீனா என்ற இளம்பெண். அக்குடும்பத்தில் முன்னாளில் வாழ்ந்த பெண்ணொருத்தியின் ஆவி உலவுகிறதென்ற பேச்சு. சட்ட வேலையாகச் சென்ற வழக்கறிஞர் கணேஷும் அவர் உதவியாளர் வசந்தும் அங்கே அச்சத்தையும் கொலையையும் எதிர்கொள்கின்றனர்.

தமிழ் வாசகர் பேய்க்கதைக்குப் புதியவரல்லர். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' வெளிவந்த 1940களிலேயே, ஆசிரியருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. நம்பிக்கையில்லை, அச்சம் மட்டும் உண்டு என்ற பொருளில் அவர் சொன்னதாக வழங்கும் பதில் இலக்கிய வட்டங்களில் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அங்கே கேள்வி ஆசிரியரை நோக்கி எழுந்தது. சுஜாதாவோ கேள்வியை வாசகர் மடியிலேயே போட்டுவிட்டார். கணேஷ் விஞ்ஞான விளக்கத்தைப் பற்றி நிற்கிறார். வசந்துக்கு ஆவியின் பக்கம் சாய்வு. இருவருமே வாசகரின் செல்லப் பிள்ளைகள். ஆகவே எந்தக் கட்சியில் சேர்வதற்கும் எவரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. கதை முடிந்த பின்னும் ஐயம் முழுவதும் தீரவில்லை. அதனால் வாசகர் இரண்டு அணியாயினர்.

ஆவி அணியினர்க்கு எளிய மகிழ்ச்சி. மற்றவர்க்கு மனத்தாங்கல். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர், அறிவியலைத் தமிழில் எளிமையாக்கியவர், பேய்க்குக் கதவைத் திறந்து வைக்கலாமா என்பது அவர்கள் குறை. இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணேஷின் விளக்கம் ஹோலோகிராமைச் சார்ந்தது. டென்னிஸ் காபர் 1947இல் கண்டறிந்து, 1971இல் நோபல் பரிசு பெற்ற நுட்பம் அது. அச்சொல்லை முதன்முதலில் இக்கதையில்தான் அறிந்ததாகச் சொல்லும் வாசகர் பலர். எனினும் ஹோலோகிராம் உருவம் பதிவுத் தட்டை நோக்கிப் பார்ப்பவருக்கே புலப்படும். திறந்த வெளியில் தன்னந்தனியே நடமாடாது. விஞ்ஞானக் கட்சியில் சேர்வதற்கும் ஆவியை நம்பும் அளவுக்கு விசுவாசம் வேண்டியிருந்தது என்பதே உண்மை.

வார இதழ் வாசகரின் இச்சச்சரவைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்கள் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கதைக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் 1898இல் ஒரு வார இதழில், கோலியர்ஸ் வீக்லியில், தொடராக வந்ததே. எஸெக்ஸ் நாட்டுப்புறத்து மாளிகையில் இரு குழந்தைகளைக் காக்கும் ஆசிரியை ஆவிகளைக் காண்கிறாள். 1934இல் எட்மண்ட் வில்சன், அவை அவள் மனத்தின் தோற்றங்களே என்று வாதிட்டார். அது முதல் பேராசிரியர்கள் அணி பிரிந்து பல்லாண்டு மோதினர். அவர்கள் செய்தது விமரிசனம்; குமுதம் வாசகர் திண்ணையிலும் அலுவலகத்திலும் செய்தது வம்பு என்று வகுப்பது எந்த நியாயம்?

1970களில் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளின் வாசகருக்கு இம்மாளிகை எதைக் குறித்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. அடுத்த வீட்டு வானொலி சுவர் வழியே கேட்கும் இல்லங்களில் ஆவிக்கு இடமேது? ஆனால் ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு, தீராத பாகப்பிரிவினை, பங்காளிகளின் மௌனம் ஆகியவற்றை நகரத்துக்குச் சுமந்து வந்தவர்கள் பலர். லீனாவின் சொத்துக்கதை அவர்களை வெறும் பேயச்சத்தினும் ஆழமாகத் தொட்டிருக்க வேண்டும்.

2008இல் சுஜாதா மறைந்தார். 2019இல் இதே பெயரில் வேறு கதையுடன் திரைப்படமொன்று வரவிருந்தபோது, தலைப்பின் உரிமை குறித்து வழக்கெழுந்து சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டு மாதம் படம் வெளிவந்தது.

நூல் வடிவம் இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதில் இல்லாதது 'தொடரும்' என்ற சொல்லும், அதன்பின் காத்திருந்த ஒரு வாரமும். வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, வீட்டில் தைத்த 'பைண்டு' பிரதிகளில் அவை இருந்தன. முன்பு படித்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய ஊகங்களும், அவற்றை மறுத்து அடுத்தவர் எழுதியவையும் வாடகை நூலகப் பிரதிகளில் இருந்தன. நூலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது அப்பிரதிகளிற் பெரும்பாலானவை பழைய காகிதக் கடையில் எடைக்குப் போயின. சில இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கக்கூடும்.