முதிர்நிலை அடினோமா

பெருங்குடலின் உட்சுவரில் வளரும் அடினோமா பாலிப்புகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு மிகுந்த வகை. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அளவு, விரல் போல் நீண்ட திசு அமைப்பு, உயிரணுக்களின் கடுமையான உருத்திரிபு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே இப்பெயர் பெறும். கொலோனோஸ்கோபியின்போதே பெரும்பாலும் கம்பிக் கண்ணியால் அறுத்தெடுக்கப்படும். ஆயினும் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. அமெரிக்காவில் 15,935 பேரைப் பற்றி 2018இல் வெளியான நீண்டகால ஆய்வில், இவ்வகை காணப்பட்டோருக்குப் புற்றுநோய் வந்த வீதம் அடினோமா இல்லாதவர்களைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்காக இருந்தது. முதிராத அடினோமா இருந்தோரிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்றிரண்டு சிறு குழல்வகை அடினோமா நீக்கப்பட்டோருக்கு 7 முதல் 10 ஆண்டுகளிலும், முதிர்நிலையினருக்கு 3 ஆண்டுகளிலும் மறுபரிசோதனை தேவை என்கிறது 2020ஆம் ஆண்டின் அமெரிக்கப் பரிந்துரை.