கேடயத்துக்கும் ரேடாருக்கும் இடையே

பேரா மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாரைக் கடந்து கிரிக் நோக்கிச் செல்லும் வழியில் லெங்கோங் என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே புக்கிட் பூனோ என்னுமிடத்தில், விண்கல் மோதிய வெப்பத்தில் உருகி இறுகிய பாறைகள் கண்டெடுக்கப்பட்டன. அப்பாறையினுள் ஆதிமனிதரின் கற்கருவிகளும் பதிந்திருந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் அகவையை 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள் என மதிப்பிட்டனர். 2012இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய பெருங்கற்கள் விழுவது அரிது. மணலளவான துகள்களோ நாள்தோறும் வந்த வண்ணம் உள்ளன. காற்று மண்டலம் கூரையாக நின்று அவற்றை எரித்துவிடுகிறது. அக்கூரைக்கு அப்பால் செல்வோர்க்கு யாது காப்பு?

மனிதன் விண்ணேகுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, 1947இல், அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள் இதற்கு விடை கூறினார். கலத்தின் சுவருக்குச் சற்று வெளியே மெல்லிய தகடொன்றை நிறுத்த வேண்டும். விரைந்துவரும் துகள் தகட்டைத் துளைக்கும்போதே தானும் நொறுங்கிப் புகைபோலாகும். இடைவெளியில் அப்புகை விரிந்து பரவும். உட்சுவரில் கூரிய குத்து விழாது, பரவிய அடியே விழும். தடித்த சுவர் ஒன்றினும் மெல்லிய சுவர் இரண்டு மேல் என்னும் இவ்வெண்ணத்தின் எளிமை இன்றும் வியப்பூட்டுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் காப்பதும் இம்முறையே. அங்கு இடைவெளியில் கெவ்லர் முதலிய வலிய இழைத்துணிகளையும் செறித்துள்ளனர். நிலவுப் பயணத்திற்கு முன், 1965இல், மூன்று பெகாசஸ் செயற்கைக்கோள்கள் அகன்ற சிறகுகளை விரித்து, அவற்றில் விழுந்த துளைகளை எண்ணின.

இயற்கையின் துகளுக்கு இவ்வாறு விடை கண்டாயிற்று. ஆயின் 1961 ஜூன் 29ஆம் நாளிலேயே வேறொரு வரலாறு தொடங்கிவிட்டது. அன்று அமெரிக்க ஏவூர்தி ஒன்றின் மேலடுக்கு விண்ணில் வெடித்து ஏறத்தாழ 300 துண்டுகளாகச் சிதறியது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தோர் விட்டுச்சென்ற மணல்மேடுகளையும் குட்டைகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு இவ்வழக்கம் புதிதன்று. 1978இல் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் ஓர் எச்சரிக்கை விடுத்தனர்: சிதறல் மோதலைப் பெருக்கும், மோதல் மேலும் சிதறலைப் பெருக்கும். 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் சன்னலில் சிறு குழியொன்று விழுந்திருந்தது. அதனுள் இருந்த டைட்டானியத்தைக் கொண்டு, மோதியது உதிர்ந்த வண்ணப்பூச்சே என்று கண்டனர்.

2007 ஜனவரி 11ஆம் நாள் சீனா தன் பழைய வானிலைக் கோளொன்றை ஏவுகணையால் தகர்த்தது. ரேடாரால் தொடரத்தக்க துண்டுகள் மட்டுமே மூவாயிரத்திற்கு மேல் எழுந்தன. அவ்வாண்டே அக்டோபர் 10ஆம் நாள், நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் சுகோர், சோயுஸ் கலத்தில் நிலையத்திற்குப் புறப்பட்டார். நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. அந்தக் குப்பையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்?

இடர் உண்மையில் எங்குள்ளது? ஒரு செ.மீ. அளவுக்கு உட்பட்ட துகளைக் கேடயம் பெரும்பாலும் தாங்கும். பத்து செ.மீ.க்கு மேற்பட்டதை ரேடார் காணும். நிலையம் சற்று விலகிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதைத் தாங்கவும் இயலாது, பெரும்பாலும் காணவும் இயலாது. ஒரு செ.மீ. அலுமினிய உருண்டை ஒன்றரை கிராம்கூட இராது. நொடிக்குப் பத்து கி.மீ. விரைவில் வந்தால், ஆயிரம் கிலோ எடையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு நாற்பது கி.மீ. வேகத்தில் மோதும் ஆற்றல் அதற்குண்டு. இந்த இடைவெளியை நிரப்புவோர் நாமே. 2019 மார்ச்சில் இந்தியாவும் தன் கோளொன்றைத் தகர்த்தது. தாழ்ந்த உயரமாதலால் துண்டுகள் விரைவில் எரிந்துபோகும் என்றனர். ஆயினும் சில, நிலையத்தின் உயரத்தையும் கடந்து எறியப்பட்டன. நம் முன்னோரின் நாடு என்பதற்காக இதைச் சொல்லாமல் விடலாகாது. 2021 நவம்பரில் உருசியா அவ்வாறே செய்தபோது, நிலையத்திலிருந்த எழுவரும், அவர்களுள் இருவர் உருசியர், தத்தம் கலங்களுக்குள் ஒதுங்கினர்.

விப்பிள் அஞ்சிய இயற்கைத் துகளும் ஓய்ந்துவிடவில்லை. 2022 டிசம்பரில், நிலையத்துடன் இணைந்திருந்த சோயுஸ் கலத்தின் வெப்பக் கடத்திக் குழாயில் ஒரு மில்லிமீட்டரினும் சிறிய துளை விழுந்து, குளிர்நீர்மம் முழுதும் வெளியேறியது. சிறு விண்கல்லே காரணம் என உருசியர் அறிவித்தனர். கலம் ஆளின்றித் தரையிறங்கியது. மாற்றுக்கலம் ஆளின்றி மேலேறியது. ஆறு திங்கள் பணிக்கென்று சென்ற மூவரும் மண்ணை மிதித்தது 371 நாள்களுக்குப் பின்னரே.