40 வருஷம் பழசு... ஆனாலும் விட மனசில்லை! கோல்ஃப் வீரர்கள் இன்றும் தேடும் ‘மன்னிக்கும்’ அயர்ன்: அப்படி என்ன இருக்கு?

கோல்ஃப் மட்டை தயாரிக்கும் நிறுவனங்கள் வருஷம் தவறாமல் புது மாடல் இறக்குகின்றன. ஒவ்வொன்றும் ‘முன்னதைவிட தூரம் போகும்’ என்றுதான் விளம்பரம் வரும். ஆனால், 1980களில் தயாரான அயர்ன் செட்டை இன்றைக்கும் மாற்றாமல் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். புதுசு வாங்கிப் பார்த்துவிட்டு பழசுக்கே திரும்பியவர்களும் உண்டு.

இந்தப் பேச்சு வந்தால் முதலில் அடிபடும் பெயர், அமெரிக்காவின் பிங் நிறுவனம் 1982ல் வெளியிட்ட ‘ஐ 2’ அயர்ன். இது கோர்ட் வரைக்கும் போன மட்டை. அதன் கதையையும், இன்றைக்கு பழைய அயர்ன் வாங்கலாமா என்பதையும் பார்ப்போம்.

அயர்ன் என்றால் என்ன?

கோல்ஃப் விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் கொண்டு போகலாம். முதல் ஷாட்டில் நீண்ட தூரம் அடிக்க டிரைவர். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்ட பட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலான ஷாட்களுக்குக் கைகொடுப்பவை அயர்ன்கள். இவற்றுக்கு 3, 4, 5 என்று நம்பர் இருக்கும். நம்பர் கூடக் கூட மட்டையின் முகம் அதிகம் சாய்ந்திருக்கும், பந்து உயரமாகப் போய் கிட்டத்தில் விழும். இந்தச் சாய்வுக்குப் பெயர் ‘லாஃப்ட்’.

‘மன்னிக்கும்’ மட்டையா?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேட்டின் சரியான இடத்தில் பட்டால் பந்து பறக்கும். ஓரத்தில் பட்டால் பேட் கையில் திரும்பும், பந்தும் போகாது. கோல்ஃபிலும் அதே கதைதான். பழைய ‘பிளேடு’ வகை அயர்ன்களில் இரும்பு ஒரே பட்டையாக, நடுவில் திரண்டு இருக்கும். நடுவில் பட்டால் அருமை. அரை இன்ச் தள்ளிப் பட்டால் மட்டை முறுக்கிக்கொள்ளும், தூரமும் திசையும் இரண்டுமே போச்சு.

தப்பாகப் பட்டாலும் ஓரளவு காப்பாற்றும் மட்டையைத்தான் கோல்ஃப் உலகில் ‘மன்னிக்கும் மட்டை’ என்கிறார்கள்.

இதைச் செய்தது யார்?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இன்ஜினியர். 40 வயதைத் தாண்டிய பிறகுதான் கோல்ஃப் பழகினார். பட்டர் கைக்கு வசப்படவில்லை. உடனே தன் வீட்டு கராஜில் தானே ஒன்று செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய ‘பிங்’ என்ற சத்தமே 1959ல் நிறுவனத்தின் பெயரானது.

பட்டரில் அவர் செய்தது எளிமையான வேலை. நடுவில் இருக்கும் எடையை எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோனார். கயிற்றில் நடப்பவர் நீளமான கழியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்போம். எடை ஓரங்களில் இருந்தால் ஒரு பொருளைத் திருப்புவது கஷ்டம். அதே தத்துவத்தை 1960களின் இறுதியில் அயர்னுக்கும் கொண்டுவந்தார். மட்டையின் பின்பக்கத்தைக் குடைந்து, அந்த எடையைச் சுற்று விளிம்பில் வைத்தார். இதுதான் ‘கேவிட்டி பேக்’.

இரும்பை அடித்து உருவாக்கும் பழைய முறையில் இந்த வடிவம் கொண்டுவருவது கடினம். அதனால் மெழுகில் அச்சு செய்து, அதன் மேல் பீங்கான் பூச்சு கொடுத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உள்ளே உருக்கை ஊற்றும் வார்ப்பு முறையைக் கையாண்டார்.

ஐ 2வில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஓரங்களில் எடை, அகலமான அடிப்பாகம், தண்டுக்குச் சற்று பின்தள்ளி அமைந்த முகம். அடிப்பாகம் அகலமாக இருப்பதால் மட்டை மண்ணுக்குள் புதைந்து நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முகம் பின்தள்ளி இருப்பது, பந்து வலது பக்கம் விலகி ஓடும் வலதுகை ஆட்டக்காரர்களுக்கு உதவும்.

ஆடுபவரின் உயரம், கை நீளத்துக்கு ஏற்ற கோணத்தைக் காட்ட மட்டையில் கலர் புள்ளியும் வைத்தார்கள். கருப்புப் புள்ளி என்றால் ஸ்டாண்டர்ட்.

‘பார்க்க அழகே இல்லை’ என்பது அன்றும் இன்றும் இதன் மீதான புகார். ஆனால் இதை வைத்து ஆடுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நல்ல ஷாட்டுக்கும் சுமாரான ஷாட்டுக்கும் இருக்கும் இடைவெளி இதில் குறைகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவருக்கு அதுதானே வேணும்!

கோர்ட் வரைக்கும் போனது ஏன்?

மட்டை முகத்தில் உள்ள கோடுபோன்ற பள்ளங்கள்தான் காரணம். பந்துக்குச் சுழற்சி தருவது இவைதான். 1984ல் ‘யு’ வடிவப் பள்ளங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அவற்றின் கூரான விளிம்பு பந்தின் மேல்தோலைக் கிழித்தது. சோல்ஹைம் விளிம்பை வழவழப்பாக்கினார். இதனால் பள்ளங்களுக்கு இடையிலான தூரம் விதியைவிட மயிரிழை குறைந்துவிட்டதாக 1987ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் சொன்னது. 1989ல் அந்தச் சங்கத்தின் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார் சோல்ஹைம்.

1990 ஜனவரியில் சமரசம். அந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன்பு தயாரான ஐ 2 மட்டைகள் எல்லாம் செல்லும் என்று முடிவானது. ஐ 2வைத் தடை செய்ய முயன்ற பிஜிஏ டூருடன் நடந்த தனி வழக்கும் 1993ல் சமரசத்தில் முடிந்தது.

20 வருஷம் கழித்து மறுபடி சர்ச்சை

2010ல் முன்னணித் தொழில்முறை வீரர்களுக்குப் பள்ளங்கள் பற்றிய புது விதி வந்தது. சுழற்சி அதிகம் தரும் மட்டைகளுக்குத் தடை. ஆனால் பழைய சமரசம் காரணமாக ஐ 2 மட்டும் தப்பித்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி, ஜனவரியில் டோரி பைன்ஸ் மைதானத்தில் ஃபில் மிக்கெல்சன் பழைய ஐ 2 வெட்ஜுடன் இறங்கினார். விதிப்படி சரிதான். ஆனால் அதை ஏமாற்று வேலை என்று சக வீரர் ஸ்காட் மெக்கேரன் விமர்சிக்க, விவகாரம் பெரிதாகி, பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். மார்ச் மாதம் சோல்ஹைமின் மகன் ஜான், டூர் போட்டிகளில் அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். பிரச்னை ஓய்ந்தது.

அப்போ புது மட்டை தூரமாகப் போவது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. 1980களில் 7ஆம் நம்பர் அயர்னின் லாஃப்ட் 35 டிகிரியை ஒட்டி இருந்தது. இன்று பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கான பல செட்களில் அது 30 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. அதாவது, மட்டையில் எழுதியிருப்பது 7. சாய்வு, பழைய 5ஆம் நம்பருக்குப் பக்கத்தில். தூரம் கூடாமல் என்ன செய்யும்?

அதற்காகப் புதிய தொழில்நுட்பம் வெறும் பேச்சும் அல்ல. முகத்தின் தகடு மெல்லியதாகிவிட்டது, எடை இன்னும் கீழே இறங்கிவிட்டது. குறைந்த லாஃப்டிலும் பந்து உயரே எழும்புவது இதனால்தான். வேகமாக வீச முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ‘தப்பை மன்னிக்கும்’ அடிப்படை வேலையைச் செய்வது இன்றும் அதே ஓர எடைதான். பழைய அயர்ன் வைத்திருப்பவர் ஒரு நம்பர் குறைவான மட்டையை எடுத்து அடித்தால், கூடுதல் தூரத்தில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடலாம்.

பழைய செட் வாங்குறீங்களா? இதைப் பாருங்க

* கிரிப்: பழைய ரப்பர் இறுகிப்போய் வழுக்கும். மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* தண்டு: துரு இருக்கிறதா, மட்டையின் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். வீசும்போது தலை கழன்றால் எதிரில் இருப்பவருக்கு ஆபத்து.

* புள்ளியின் கலர்: செட் முழுக்க ஒரே கலர் இருக்க வேண்டும். கலந்திருந்தால் வெவ்வேறு செட்டிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம்.

* பள்ளங்கள்: தேய்ந்திருந்தால் பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

* போலி: ஐ 2வைப் பார்த்து அடித்த நகல்கள் ஏராளம். எழுத்து, சீரியல் நம்பரைச் சரிபாருங்கள்.

* செம்பு நிறமா?: ஐ 2வில் பெரிலியம் கலந்த செம்பு மட்டைகளும் வந்தன. கையில் பிடித்து ஆடுவதால் பிரச்னை இல்லை. ஆனால் அதை ராவுவதோ, கிரைண்டரில் தேய்ப்பதோ கூடவே கூடாது. அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கும்.

* இடைவெளி: பழைய அயர்னுடன் புது மட்டைகளைக் கலந்தால் லாஃப்ட் கணக்கு மாறும். இரண்டு மட்டைகள் ஒரே தூரம் போகலாம், அல்லது நடுவில் ஒரு தூரத்துக்கு மட்டையே இல்லாமல் போகலாம். நம்பரை நம்பாமல் லாஃப்ட்டை அளந்து பாருங்கள்.

சுருக்கமா சொன்னா...

புதிதாகப் பழகுபவர், நல்ல நிலையில் இருக்கும் பழைய கேவிட்டி பேக் செட்டுடன் தாராளமாகத் தொடங்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போகலாம். புது செட்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் உங்கள் பழைய மட்டையையும் கடைக்குக் கொண்டுபோய், ஒரே லாஃப்ட் உள்ள இரண்டையும் அடித்துப் பாருங்கள். 7க்கு 7 என்று அடித்துப் பார்த்தால், வித்தியாசத்தில் பாதி அந்த நம்பர் காட்டும் வித்தைதான்.