ஊர்ப்பெயரும் பெண்பாற் புலவரும்

இலக்கிய வரலாற்றைக் காலமுறையால் கற்பதே நமக்குப் பழக்கம். சங்ககாலம், சங்கம் மருவிய காலம், பல்லவர் காலம் என்று பாடநூல் வகுத்த படிகளில் ஏறியே புலவர்களைக் கண்டோம். இளங்கலை வகுப்பில் நானும் பெண்பாற் புலவர் பெயர்களை அவ்வாறே மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்ததும் மறந்தேன். ஒக்கூர் மாசாத்தியார் என்று எழுதி மதிப்பெண் பெற்ற எனக்கு, ஒக்கூர் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பல்லாண்டு கழித்து, கடல் கடந்து இத்தீவுக்குப் பணியாற்ற வந்த பிறகு, எதிர் மேசை நண்பர் தம் விடுப்பு விண்ணப்பத்தில் 'ஒக்கூர், சிவகங்கை' என்று முகவரி எழுதியதைக் கண்டேன். ஆவலோடு மாசாத்தியாரைப் பற்றி வினவினேன். அவர் சற்றே சிந்தித்து, "எந்தத் தெருவில், சார்?" என்றார்.

நண்பரை நகையாடுவதற்காக இதனை ஈண்டுக் கூறவில்லை. அவருக்கு ஊர் தெரியும், புலவர் தெரியார்; எனக்குப் புலவர் தெரியும், ஊர் தெரியாது. இருவர் அறிவும் கூடினாலன்றி மாசாத்தியார் முழுமையாக வெளிப்படார் என்பது அன்று எனக்கு விளங்கியது. தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என்று வகுத்தபோது நிலத்தையே முன்வைத்தார். நாமோ பொழுதைப் பற்றிக்கொண்டு நிலத்தைக் கைவிட்டோம்.

சங்கப் பாடல்களைப் பாடிய பெண்பாற் புலவர் முப்பதுக்கும் மேற்பட்டோர். அவருள் பலர் ஊரொடு சேர்த்தே அறியப்படுகின்றனர். மாசாத்தியாரின் ஒக்கூர் சிவகங்கைக்கு அருகிலுள்ள ஊரே என்பர். நன்னாகையார் ஒருவருக்குக் கச்சிப்பேடு அடைமொழி. நப்பசலையாருக்குக் கொற்கையைச் சார்ந்த மாறோக்கம். வெள்ளிவீதியாருக்கு ஊரும் இல்லை, ஒரு வீதியே பெயர். தந்தை பறம்புமலையை இழந்த துயரை நிலவை நோக்கிப் பாடிய பாரி மகளிர்க்குத் தம் பெயரும் எஞ்சவில்லை, பறம்பு எஞ்சியது. இன்றைய பிரான்மலையே அது.

இவருள் என் நெஞ்சைக் கவர்ந்தவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி என்பது இன்று நீடாமங்கலத்திற்கு அருகில் உள்ள கோயில்வெண்ணி. கரிகாலன் சேரன் பெருஞ்சேரலாதனை வென்ற போர்க்களம் அது. குயத்தியார் அவ்வூரில் மண் வனைந்த குலத்துப் பெண். வென்றவனை முன்னிலைப்படுத்திப் பாடிய அவர், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரனே நின்னினும் நல்லன் அல்லனோ என்று வினவுகிறார் (புறநானூறு 66). தன் ஊர்ப்புறத்தே நடந்த போரைத் தன் கண்ணளவில் எடைபோட்ட பெண்ணின் குரல் இது. வெண்ணி என்னும் சொல்லைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டால் அக்குரலின் துணிவு பாதி மறைந்துவிடும்.

ஆடவர்க்கும் ஊர்ப்பெயர் உண்டே என்று கேட்கலாம். உண்டு, கோவூர் கிழாரும் ஆவூர் மூலங்கிழாரும் சான்று. ஆயினும் ஆடவர் பலர்க்குத் தந்தை பெயரும் தொழிற்பெயரும் உடன் வருகின்றன. பெண்டிர் சிலர்க்கோ ஊர்ப்பெயர் ஒன்றே பற்றுக்கோடு. பிற்காலத்தே புனிதவதியார் தம்மைக் காரைக்காற் பேய் என்றும், கோதை தம்மை வில்லிபுத்தூரொடு சேர்த்தும் தம் பதிகங்களில் பதித்துக்கொண்டமை இங்கு எண்ணத்தக்கது. தம் பெயர் மறக்கப்படலாம் என்பதை உணர்ந்து அதனை ஊரில் கட்டிவைத்தார்களோ என்று தோன்றுகிறது. இது என் ஊகமே.

மற்றொன்றும் உண்டு. கணவன் ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுசெல்ல, ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்தாள். அவள் அலைந்ததை வெள்ளிவீதியார் தம் பாடலில் நினைந்தார் (அகநானூறு 45). வெள்ளிவீதியார் அலைந்ததை ஔவையார் தம் பாடலில் நினைந்தார் (அகநானூறு 147). ஔவையாரோ தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். ஒரு பெண் மற்றொரு பெண் நடந்த வழியைக் குறித்துவைத்தாள். பெண்பாற் புலவர் வரலாற்றை முதலில் எழுதியவர் பெண்பாற் புலவரே.

நம் குட்வில் எஸ்டேட்டில் பள்ளி மாணவியர் சிலர் மாலை வேளையில் தமிழ் பயில என் இல்லத்திற்கு வருவர். அவர்களுக்காகச் சுவரில் உலகப்படம் ஒன்றைத் தொங்கவிட்டு, பெண் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் படிக்குந்தோறும் அவர் ஊரில் குண்டூசி குத்துவோம் என்று ஏற்பாடு செய்தேன். ஒக்கூரில் தொடங்கிய ஊசி, மேற்கே ஊர் நகருக்குச் சென்றது. இன்றைய ஈராக்கில் உள்ள அந்நகரின் பெயரே 'ஊர்' என்பதில் மாணவியர்க்குப் பெருமகிழ்ச்சி. அங்கே ஏறத்தாழ 4300 ஆண்டுகளுக்கு முன் திங்கட்கடவுளின் தலைமைப் பூசாரியாக இருந்த என்ஹெடுவன்னா, பெயர் தெரிந்த எழுத்தாளர்களுள் உலகிலேயே பழமையானவராகக் கருதப்படுகிறார். அடுத்த ஊசி லெஸ்போஸ் தீவில். அங்கு வாழ்ந்த சாஃபோவின் பாடல்களுள் முழுமையாக எஞ்சியது ஒன்றே எனலாம். மற்றவற்றின் துண்டுகள் பல, தொலைவில் எகிப்து மணலில் புதைந்த தாள்களிலிருந்து கிடைத்தன.

ஜப்பானுக்கு வந்தபோது ஒரு வியப்பு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கெஞ்சியின் கதை'யை எழுதிய முராசாகி ஷிக்கிபுவின் இயற்பெயர் உறுதியாகத் தெரியாது. ஷிக்கிபு என்பது அவர் தந்தை பணியாற்றிய சடங்குத்துறையின் பெயர். தந்தையின் இலாகாவால் உலகப் புகழ்பெற்ற மகள்! என்னைப் போன்ற எழுத்தர்கள் இதனைக் கேட்டு மகிழலாம்; அவருக்காக வருந்துவதே முறை. 12ஆம் நூற்றாண்டில் மரீ என்னும் புலவர், தாம் பிரான்சைச் சேர்ந்தவர் என்று தம் நூலிலேயே எழுதிவைத்தார். அவ்வொரு குறிப்பைக் கொண்டே உலகம் அவரை மரீ த பிரான்சு என்கிறது. வில்லிபுத்தூர்க் கோதைக்கு அவர் உறவினர் அல்லரோ!

புவியியலையே ஒரு பெண் எழுத்தாளர் கதையாக்கிய செய்தியும் உண்டு. சுவீடன் நாட்டு ஆசிரியர் சங்கம் தொடக்கப்பள்ளிக்குப் புவியியல் வாசகம் ஒன்று வேண்டி, செல்மா லாகர்லெவ் என்பாரை அணுகியது. அவரும் ஒருகாலத்தில் ஆசிரியையாக இருந்தவரே. அவர் நாடெங்கும் சுற்றிச் செய்தி தொகுத்து, குறும்பன் ஒருவன் விரலளவு சிறுத்து, வாத்தின் முதுகேறி சுவீடன் முழுவதும் பறப்பதாகக் கதை புனைந்தார். அந்நூல் 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1909இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதற்பெண் அவரே. நம் பாடநூற் குழுவினர் புவியியல் நூலுக்குக் கதாசிரியை ஒருவரைத் தேடிச் செல்லும் நாள் வருமா, அறியேன்.

தமிழில் எவரும் கேளாமலே அப்பணியைச் செய்தவர் ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்து, இளவயதிலேயே மணம் முடிந்து, கல்லூரி வாயிலை மிதியாதவர். மின்துறைப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்தபோது படுகர் வாழ்வை உடனிருந்து கண்டு 'குறிஞ்சித்தேன்' எழுதினார். பின்னர் அவர் எழுதியவற்றை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு நிலப்படம்: கோவா விடுதலைக்கு 'வளைக்கரம்', சம்பல் பள்ளத்தாக்குக்கு 'முள்ளும் மலர்ந்தது', தூத்துக்குடி உப்பளத்திற்குக் 'கரிப்பு மணிகள்', கடற்கரைப் பரதவர்க்கு 'அலைவாய்க் கரையில்', தஞ்சை வயலுக்குச் 'சேற்றில் மனிதர்கள்', சிவகாசிச் சிறுவர்க்குக் 'கூட்டுக் குஞ்சுகள்'. அவர் அந்தந்த மண்ணுக்கே சென்று, மக்களோடு பழகி எழுதியவர். உப்பளத்து வெள்ளை ஒளி தொழிலாளர் கண்ணைக் கெடுப்பதையும், உப்பு நீர் காலை அரிப்பதையும் அவர் எழுதிய பின்னரே நம்மிற் பலர் உப்பை வேறு கண்ணால் பார்த்தோம். ஐவகை நிலத்தைப் பாட்டில் வகுத்த மரபில், கூலியும் கடனும் சேர்ந்த நிலத்தை உரைநடையில் வகுத்தவர் இவர். 2014இல் மறைந்தார்.

கடல் கடந்த தமிழ்ப் பெண்களும் உளர். யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை வெளியிட்டார். மருத்துவரான லக்ஷ்மி மணமுடித்துத் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார்.

கிழக்கு வங்கத்திலிருந்து இத்தீவுகளில் குடியேறிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் என் மாணவியருடன் வருவாள். அவளுக்காக ராசசுந்தரி தேவியைத் தேர்ந்தோம். இன்று வங்கதேசத்திலுள்ள பாப்னா பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணமானவர். பெண் படித்தால் கைம்மை வரும் என்று அஞ்சிய காலம் அது. சமையலறையில், நூலொன்றின் ஏட்டையும் மகன் எழுதிப் பழகிய ஓலையையும் மறைத்துவைத்து, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுத் தாமே படிக்கக் கற்றார். அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்' வங்க மொழியின் முதல் தன்வரலாறு. அவர் அறிந்த புவியியல் ஓர் அடுக்களை. அங்கிருந்தே மொழி ஒன்றின் புதிய வகை தோன்றியது. அச்சிறுமி அன்று வீட்டிற்குச் சென்று, தன் பாட்டியின் பிறந்த ஊர் எதுவென்று கேட்டு வந்தாள்.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி படத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, "அந்தமானில் ஏன் ஐயா ஊசி இல்லை?" என்றாள். நான் விடையின்றி நின்றேன். பிறகு போவா சீனியரை நினைந்தேன். பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றாகிய 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் அம்மூதாட்டி. ஜப்பானியர் ஆட்சியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டவர். தம்மொழியில் உரையாட ஒருவரும் இன்றிப் பல்லாண்டு வாழ்ந்தார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவர்தம் பாடல்களையும் பேச்சையும் பதிவு செய்தார். 2010 சனவரி 26ஆம் நாள் அம்மூதாட்டி மறைய, அம்மொழியும் மறைந்தது.

அவர் எழுதியவர் அல்லரே என்று ஒருத்தி தடுத்தாள். குயத்தியார் தம் பாட்டைத் தாமே ஓலையில் எழுதினாரா, பிறர் கேட்டு எழுதினரா என்று நமக்குத் தெரியுமா என்று மற்றொருத்தி வினவினாள். வழக்கு நெடுநேரம் நடந்தது, நான் இடைபுகவில்லை. இறுதியில் ஊசி ஸ்ட்ரெயிட் தீவில் குத்தப்பட்டது. படத்தில் அத்தீவு ஒரு புள்ளியளவும் இல்லாமையால், ஊசியின் தலை அதனையும் அண்டைத் தீவுகளையும் சேர்த்தே மறைத்துக்கொண்டிருக்கிறது.