உப்புக் காற்றில் ஓர் எஞ்சின் மாற்றம்

கற்பிட்டிக் குடாநாட்டில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு யோசனை கேட்டு வந்தார். மரக்கறியும் கருவாடும் ஏற்றித் தம்புள்ளைக்கும் சிலாபத்துக்கும் போய்வருவது அவர் தொழில். தந்தை விட்டுச்சென்ற டட்சன் 720 ரக கெப் வண்டிதான் அவருடைய முதல். 1980களின் தொடக்கத்தில் பதிவான வண்டி. இலக்கத்தகட்டில் இன்னமும் 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. அதன் பெற்றோல் எஞ்சின் இளைத்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். மனைவியின் நகைகளை அடகு வைக்கவும் தயாராக இருந்தார்.

"ஐயா, நீங்கள் எவ்வளவோ கண்டவர். இது சரிவருமா?" என்று கேட்டார்.

எனக்கு எஞ்சின் தெரியாது. தெரிந்ததெல்லாம் பழைய செய்திகள்தான். ஆனால் இந்தக் கரையோரத்தின் பழைய செய்திகளில் எஞ்சின் மாற்றத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

புத்தளக் கரையின் சரக்குகள் ஒரு காலத்தில் தண்ணீரில்தான் பயணம் செய்தன. ஒல்லாந்தர் வெட்டிய, பின்னர் ஆங்கிலேயர் விரிவாக்கிய கால்வாய் வழியே உப்பும் கொப்பறாவும் பாரப்படகுகளில் கொழும்புக்குப் போயின. பின்னர் லொறிகள் வந்தன. பெட்ஃபோர்ட், ஒஸ்டின் போன்ற பிரித்தானிய வண்டிகளே அவற்றுள் மிகுதி. 1932இல் பீற்றர்பரோ நகரில் ஃபிராங் பெர்கின்ஸ் தொடங்கிய நிறுவனம், பெற்றோல் வண்டிகளில் பூட்டத்தக்க சிறிய, வேகமான டீசல் எஞ்சின்களைச் செய்து உலகெங்கும் விற்றது. பெற்றோல் லொறியை டீசல் லொறியாக்கும் கலை பரவியதில் பெர்கின்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

கடலிலும் இதே கதைதான். 1950களின் பிற்பகுதியில் அரசு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவருக்கு அறிமுகப்படுத்தியது. அடுத்த பத்தாண்டில் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு எஞ்சின்களும் வந்தன. பாயும் துடுப்பும் கொண்டு தொழில் செய்த மீனவர் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடும் எஞ்சினுக்குப் பழகினார். காரணம் எளியது: மண்ணெண்ணெய் மலிவு.

1960களில் அந்நியச் செலாவணி வறண்டது. வாகன இறக்குமதி இறுகியது. ஒரு வண்டி பழுதானால் இன்னொன்று வாங்குவது சாமானியரால் முடியாத காரியமாகிவிட்டது. ஆகவே வண்டி சாகக்கூடாது என்ற பிடிவாதம் பிறந்தது. ஒன்றின் கியர் பொக்ஸை இன்னொன்றில் பூட்டவும், கிடைக்காத பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் கடைந்தெடுக்கவும் நம்மவர்கள் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் வெள்ளமாக வந்தன. அவற்றின் பின்னால் பாவித்த எஞ்சின்களும் வந்தன. ஜப்பானில் பழைய வாகனங்களுக்கான கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம் என்பதால், அதிகம் ஓடாத வண்டிகளையும் உரிமையாளர்கள் கைவிடுவதுண்டு. அவற்றின் எஞ்சின்கள் பிலிப்பைன்ஸின் ஜீப்னிகளுக்கும் போயின, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கும் வந்தன. முன்பாதியை அப்படியே அறுத்து அனுப்பும் 'ஹாஃப் கட்' என்ற சொல் நமது கராஜ்களில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

1990 ஒக்டோபரில் இந்தக் கரைக்கு வேறொரு கூட்டம் வந்துசேர்ந்தது. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். இரும்புக் கடைகளையும் லொறிகளையும் பட்டறைகளையும் அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தென்னோலைக் குடிசைகளில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். ஆயுதங்கள் அவர்களுடைய உடைமைகளைப் பறித்தன. கைத்தொழிலைப் பறிக்க முடியவில்லை.

அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்திலோ எரிபொருள் தடை நிலவியது. பழைய ஒஸ்டின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் கார்களில் சில துளி பெற்றோல் ஊற்றிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள்தான் இதற்கு இசைந்து கொடுத்தன. கடலில் மீனவன் செய்ததைத் தரையில் சாரதி செய்தான்.

இவ்வளவையும் இளைஞரிடம் சொல்லிவிட்டு, சோனகத்தெருவிலிருந்து வந்து புத்தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கராஜ் நடத்தும் நண்பர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தார்.

"தம்பி, எஞ்சின் பிறகு. முதல்ல சேஸியப் பாப்பம்."

டங், டங் என்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை பின்சக்கரத்தின் மேலே வந்ததும் மந்தமாயிற்று. உப்புக் காற்று உள்ளிருந்து அரித்திருந்தது. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த இப்பகுதியில் மேற்பூச்சு பளபளக்கும் வண்டியின் சட்டம் உள்ளே பொக்கையாக இருப்பது புதுமையல்ல. "நானா, ஒட்டுப்போட்டால் நிற்குமா?" என்று கேட்டபோது இளைஞரின் முகம் வாடியிருந்தது. நிற்கும், ஆனால் எஞ்சினுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதற்பங்கு அதற்குத்தான் என்றார் அவர்.

பிறகு அவர் ஒரு கொப்பியை எடுத்து வரிசையாக எழுதிக்கொடுத்தார். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதன் சாரத்தைத் தருகிறேன்.

முதன்முறை மாற்றுகிறவர் தொழிற்சாலையே அந்த உடலில் பூட்டிய எஞ்சினைத் தேடுவது நல்லது. டட்சன் 720 வண்டியை எஸ்.டி. 22 டீசல் எஞ்சினோடும் நிறுவனமே விற்றது. அப்படியானால் தாங்கிகளும் எண்ணெய்த் தொட்டியின் வடிவமும் பொருந்தும். குறுக்குச் சட்டத்தை வெட்டவேண்டி வராது. எஞ்சினைத் தனியாக வாங்காமல் அதனுடைய கியர் பொக்ஸோடு வாங்கவேண்டும். கியர் பொக்ஸின் நீளம் மாறினால், பின்னால் செல்லும் சுழல்தண்டின் நீளத்தையும் மாற்றவேண்டும். டீசல் எஞ்சின் பாரம் கூடியது. முன் வில்லும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே பிரேக்கின் உதவிக்கு வருகிறது. டீசலில் அது இல்லை. தனியே ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். இதை மறந்து வண்டியை வீதிக்கு எடுத்தால், நிறைபாரத்தோடு மிதிக்கும்போது கால் கல்லின் மேல் இருப்பதுபோல் இருக்கும். டீசல் மெதுவாகச் சுழல்வது. ஆகவே பின்அச்சின் பல்விகிதமும் மாறவேண்டும். இல்லையேல் எஞ்சின் அலறும், வண்டி நகராது. எஞ்சினில் மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்பிவர ஒரு குழாயும், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியும் வேண்டும்.

கடைசியாகக் காகிதங்கள். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவேட்டில் உள்ளவை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாவிட்டால் விற்கும்போதும் விபத்தின்போதும் சிக்கல். ஆகவே, எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஒரு கேள்வி மிஞ்சியது. டீசலுக்கு ஏன் மாறவேண்டும்? மலிவு என்றார் இளைஞர். இந்த இடத்தில்தான் வரலாறு குறுக்கிடுகிறது.

மண்ணெண்ணெய் மலிவு என்று நம்பியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். 2012 பெப்ரவரியில் அதன் விலை லீற்றருக்கு 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. எதிர்த்துச் சிலாபத்தில் வீதிக்கு இறங்கிய மீனவர்களில் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 2022 ஆகஸ்டில் அதே மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. டீசலின் கதையும் வேறல்ல. 2022இன் தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா, டீசல் 121 ரூபா. அவ்வாண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் 470, டீசல் 460. ஐம்பத்தாறு ரூபா வித்தியாசத்தை நம்பி எஞ்சின் மாற்றியவர் ஆறு மாதத்தில் பத்து ரூபா வித்தியாசத்தோடு வரிசையில் நின்றார். விலையை நிர்ணயிப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். எஞ்சின் மாற்றுகிறவன் கற்பிட்டியில் இருக்கிறான்.

"அப்படியானால் புது வண்டிதான் வாங்கவேண்டுமா?" என்று கேட்டார் அவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்ந்த விலை அவரைப் போன்றவர்களுக்கு எட்டாதது. பழைய வண்டியைக் காப்பாற்றுவதே அவருக்கு வழி. அதை மறுக்கவில்லை. நாளைய விலை மாறினாலும் நிலைத்து நிற்கும் காரணங்களுக்காக அதைச் செய்யவேண்டும் என்பதுதான் நான் சொன்னது. பாரம் இழுக்கும் வலு, நெடுநாள் உழைப்பு, உதிரிப்பாகம் கிடைப்பது ஆகியவை அந்தக் காரணங்கள். இவற்றை வைத்துக் கணக்குப் பார்த்தும் டீசலே சரியென்று வந்தால், தாராளமாகச் செய்யலாம்.

அவர் நகைகளை அடகு வைக்கவில்லை. கையிலிருந்த பணத்தில் சேஸியை ஒட்டுப்போட்டுத் துருநீக்கிப் பூச்சடித்திருக்கிறார். பழைய எஞ்சினுக்கு வளையங்களும் வால்வுகளும் மாற்றி இன்னும் ஓர் ஆண்டு ஓட்டுவதென முடிவு. அதற்குள் பற்றுச்சீட்டோடு, கியர் பொக்ஸோடு நல்ல டீசல் எஞ்சின் ஒன்று அமைந்தால் பார்க்கலாம் என்று கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆகஸ்டில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குத் தாயாரை அந்த வண்டியில்தான் அழைத்துப்போவதாகச் சொன்னார்.

கராஜ் நண்பர் சுத்தியலைத் துடைத்து வைத்தபடி என்னிடம் தணிந்த குரலில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "ஐயா, அங்க ஒரு ஒஸ்டினக் கழட்டிப் போட்டபடி விட்டுட்டு வந்தனான். அத ஆர் பூட்டினாங்களோ."