சிற்றாற்றங்கரையின் கழிவுநீர்: சட்டம் யார்மீது கடமையைச் சுமத்துகிறது?

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்த உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அருவிநீரின் தூய்மைமீது காட்டப்படும் இந்த அக்கறை வரவேற்கத்தக்கது. ஆனால் சாரல் காலத்தில் திரளும் கூட்டத்தால் விடுதிகளின் தொட்டிகள் நிரம்பும்போது, அக்கழிவை அகற்றுபவர் யார், அது எங்கே கொட்டப்படுகிறது என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை. அருவிநீரைச் சுமந்து வரும் சிற்றாறு தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே கொட்டப்படுவது கீழே உள்ளோரின் வயலுக்கும் குடிநீருக்கும் வந்து சேரும்.

தொட்டியும் கசடும்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பெரும்பாலான வீடுகள் பாதாளச் சாக்கடையுடன் இணைக்கப்படாதவை. கழிவுநீர்த் தொட்டியை நம்பியவை. தொட்டியின் அடியில் படியும் கசடை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். காற்றில்லாத அந்தச் சூழலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. அதன் செறிவு மிகும்போது முகரும் உணர்வே செயலிழந்துவிடும். எனவே ஆபத்தை உணரும் முன்பே மயக்கம் நேர்கிறது. காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து இறப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு இறப்போரில் பெரும்பாலோர் தலித்துகள். தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர். 1993 முதலான சாக்கடை, தொட்டி மரணங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

சட்டம் சொல்வது

2013-ஆம் ஆண்டு கையால் கழிவகற்றும் பணியாளர் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அபாயகரமான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய எவரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆகவே ஒப்பந்ததாரரைக் கைகாட்டி விடுதி உரிமையாளர் தப்ப இயலாது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பிணையில் விடத்தகாத குற்றம் இது. பட்டியல் சாதியினரை இத்தொழிலில் அமர்த்துவது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றமாகும்.

இச்சட்டத்தில் ஓட்டையும் உண்டு. பாதுகாப்புக் கருவிகள் இன்றி இறக்குவதையே அது ‘அபாயகரமான சுத்தம்’ என வரையறுக்கிறது. இறக்கிவிட்டுக் கையுறையைக் காட்டித் தப்பும் வழி இதனால் திறந்து கிடக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனிதரை இறக்கும் முறையைப் படிப்படியாக முற்றிலும் ஒழிக்க உத்தரவிட்டது. மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

பேசப்படாத 33-ஆம் பிரிவு

தண்டனைப் பிரிவுகள் மரணத்துக்குப் பிறகே பேசப்படுகின்றன. மரணத்தைத் தடுக்கும் பிரிவு 33-ஆவது. தம் கட்டுப்பாட்டிலுள்ள சாக்கடைகளையும் தொட்டிகளையும் உரிய தொழில்நுட்பக் கருவிகளால் சுத்தம் செய்வதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாகவும், அதற்கு நிதியுதவி உள்ளிட்ட வழிகளில் துணைநிற்பதை அரசின் கடமையாகவும் அது ஆக்குகிறது.

உறிஞ்சு லாரி மட்டும் போதாது. எடுத்த கசடைக் கொண்டுசேர்க்கச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். இல்லையேல் இரவில் ஓடையிலோ குளத்திலோ கொட்டப்படும். இயந்திரம் நுழைய இயலாதபடி கட்டப்பட்ட தொட்டிகளும் திருத்தப்பட வேண்டும்.

‘சிறிய ஊர், நிதி இல்லை’ என்ற பதில் ஏற்கத்தக்கதன்று. தமிழக அரசு 2014-இலேயே கசடு மேலாண்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கருங்குழி என்ற சிறு பேரூராட்சியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அண்டை ஊரான மதுராந்தகமும் அதைப் பயன்படுத்துகிறது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த தென்காசியும் அருகிலுள்ள குற்றாலமும் இணைந்து செயல்படுவதற்கு இது முன்மாதிரி.

மக்கள் கேட்க வேண்டியவை மூன்று. உரிமம் பெற்ற லாரிகள் எத்தனை? அவை கசடைக் கொட்டும் இடம் எது? சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அமைய வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பெறும் பதில், நாளை ஒரு மரணம் நேர்ந்தால் நீதிமன்றத்தில் சான்றாகும். இன்றே கேட்டால் அம்மரணம் நேராமலும் போகலாம்.