சக்கர லோடர்: மாதிரிப் பதிப்புகளும் பாகப் பொருத்தமும்

சக்கர லோடர் என்பது முன்புறத்தில் இரு கைகள் தாங்கும் பக்கெட்டால் ஜல்லி, மணல், மண், உப்பு போன்ற குவியல் பொருள்களை அள்ளி உயர்த்தி, லாரியிலோ ஆலையின் தொட்டியிலோ கொட்டும், ரப்பர் டயர்களில் ஓடும் எந்திரமாகும். பின்புறம் தோண்டும் கையும் கொண்ட பேக்ஹோ லோடர் இதிலிருந்து வேறுபட்டது. அது பள்ளம் தோண்டவும் ஏற்றது, சக்கர லோடரோ அள்ளிக் கொட்டுவதற்கென்றே அமைந்தது. சென்னையின் தென்புறநகரில் எருமையூர், நல்லம்பாக்கம் பகுதிகளின் குவாரிகளும் கிரஷர்களும், கேளம்பாக்கம் வழியே செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிப் பெருகிய கட்டுமானங்களுக்குக் கான்கிரீட் கலந்து அனுப்பும் ஆலைகளும் இதன் இயல்பான களங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல்லான சார்னோக்கைட் குவார்ட்ஸ் மிகுந்த கடும்பாறை ஆதலால், பக்கெட்டின் பற்களும் அடித்தகடும் இங்கே விரைவில் தேய்கின்றன. பாகங்களைத் தேடும் தேவையும் அதற்கேற்ப ஓயாமல் இருக்கிறது.

பாகப் பொருத்தம் என்பது, ஒரு பதிப்பின் பாகம் மற்றொரு பதிப்பில் வெட்டோ ஒட்டோ இன்றி அமர்வதோடு, அங்கே அதே சுமையைத் தாங்கி அதே அளவு ஆயுளும் தருகிறதா என்பதைக் குறிக்கும். அமர்வதை மட்டுமே பொருத்தமெனக் கொள்வதால்தான் பழைய எந்திரங்களில் பெருஞ்சேதங்கள் நேர்கின்றன.

இவ்வகை எந்திரத்தின் தொடக்கம் அமெரிக்காவின் லிபர்ட்டிவில் நகரிலிருந்த பிராங்க் ஹஃப் நிறுவனத்தில் இருக்கிறது. அது 1939இல் லோடராகவே வடிவமைத்த எந்திரத்தையும், 1947இல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஹைட்ராலிக் லோடரையும் வெளியிட்டது. 1952இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அதை விலைக்கு வாங்கியது. கேட்டர்பில்லர் 1959இல் 944 என்ற மாதிரியுடன் இத்துறைக்குள் வந்து, 1963இல் 988 மாதிரியில் மூட்டுச் சட்டகத்தை அறிமுகப்படுத்தியது. ஒற்றைச் சட்டக லோடரில் பின்னச்சின் சக்கரங்கள் திரும்பும். மூட்டுச் சட்டக லோடரில் நடுவிலுள்ள பின்களைச் சுற்றி எந்திரத்தின் உடலே மடங்கித் திரும்பும். ஆதலால், ஒரே எஞ்சின் இரண்டிலும் இருந்தாலும், அச்சு, ஸ்டீயரிங் சிலிண்டர், சட்டகம் ஆகியவை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்வதில்லை.

தமிழ்நாட்டில் இக்கதை திருவள்ளூரில் சிக்கலடைகிறது. அம்பாசடர் காரால் அறியப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971இல் அங்கே மண்வேலை எந்திர ஆலையொன்றை டெரெக்ஸ் தொழில்நுட்பத்துடன் தொடங்கியது. டெரெக்ஸ் என்பதே ஒரு மறுபெயர்தான். 1953இல் யூக்ளிட் நிறுவனத்தை வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், ஏகபோகத் தடைச் சட்ட வழக்கின் விளைவாக 1968இல் அதன் ஒரு பகுதியையும் பெயரையும் ஒயிட் மோட்டாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபின், தன்னிடம் எஞ்சிய எந்திரங்களுக்கு டெரெக்ஸ் என்ற பெயரைச் சூட்டியது. திருவள்ளூர் ஆலையோ 1980களில் கேட்டர்பில்லருடன் கூட்டுறவு கொண்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் உடைமையே ஆனது. குவாரிகளில் பெயர்பெற்ற ஹிந்துஸ்தான் 2021 லோடரின் எண், ஆலை கைமாறிய பின்னும் எழுத்துப் பின்னொட்டுகளுடன் தொடர்ந்தது. ஆகவே பானெட்டில் ஒட்டிய பெயரைக் கொண்டு பாகம் கேட்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, ஹைட்ராலிக் பம்பு ஆகிய ஒவ்வொன்றிலும் அதை உண்மையில் வார்த்தவர் பொறித்த தகட்டைப் படிப்பவரே சரியான பாகத்தை அடைவார்.

எஞ்சினைப் பொறுத்தவரை, பொருத்தத்தை முன்கூட்டியே எண்ணி வடிவமைத்ததற்குச் சிறந்த சான்று, டெரெக்ஸ் எந்திரங்களில் இருந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசை. 1938இல் வந்த இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 71 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் காட்டும். அதன் முன்னுள்ள எண் சிலிண்டர்களின் எண்ணிக்கையைச் சொல்லும். 4-71க்கும் 6-71க்கும் பிஸ்டன், லைனர், கனெக்டிங் ராடு ஆகியவை பெரும்பாலும் பொதுவானவை. ஆயினும் இரண்டு வால்வுத் தலை, நான்கு வால்வுத் தலை என்ற வேறுபாடும், இன்ஜெக்டரின் அளவும் கவனிக்கப்பட வேண்டும். கேட்டர்பில்லர் 3306 எஞ்சினின் பொதுமை இதைவிட ஏமாற்றக்கூடியது. 966சி லோடரிலும், டி7ஜி புல்டோசரிலும், 140ஜி கிரேடரிலும் அது உண்டு. ஆனால் எரிபொருளை நேரடியாகச் சிலிண்டரில் தெளிக்கும் வகை, முன்னறை வழியே எரிக்கும் வகை என அது இரு வகைப்படும். இரண்டிற்கும் பிஸ்டனும் தலையும் வேறு. இத்தகைய குழப்பத்தைத் தீர்ப்பது வரிசை எண்ணின் முன்னொட்டு: 966சிக்கு 76ஜே, 966டிக்கு 99ஒய் என்பன போன்ற அம்முன்னொட்டே பாகப் புத்தகத்தில் உரிய பக்கத்தைத் திறக்கும் சாவி, மாதிரியின் பெயர் அத்தகைய துல்லியத்தைத் தருவதில்லை.

பழைய எஞ்சின் தீர்ந்தபின் உள்நாட்டு எஞ்சினொன்றை ஏற்றுவதும் வழக்கம். எஞ்சினின் பின்புற ஃபிளைவீல் உறை எஸ்.ஏ.இ. 1, 2, 3 என்ற தர அளவுகளில் அமைவதால், அளவு ஒத்தால் போல்ட் துளைகள் சேர்ந்துவிடும். ஆனால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. டெரெக்ஸ் மரபின் அலிசன் இரட்டை டர்பைன் கன்வெர்ட்டரில், கடுஞ்சுமையில் இரண்டு டர்பைன்களும் உழைக்கும்; சுமை குறைந்ததும் ஒருவழிக் கிளட்ச் வழியாக ஒன்று தானே விலகிக்கொள்ளும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் இதில் மாட்டப்பட்டால், குவியலில் பக்கெட் புகும்போது எஞ்சின் திணறி எண்ணெய் கொதிக்கும்; கோளாறு கியர்பாக்ஸில் இருப்பதாகத் தவறாகத் தீர்மானிக்கப்படுவதும் உண்டு.

மிகச் சிறிய பாகமே மிகப் பெரிய தொல்லை தருவது ஹைட்ராலிக் இணைப்புகளில்தான். அமெரிக்க ஜே.ஐ.சி. முனை 37 பாகைக் கூம்பும், பிரிட்டிஷ் பி.எஸ்.பி. முனை 60 பாகைக் கூம்பும், ஐரோப்பிய மெட்ரிக் முனை பெரும்பாலும் 24 பாகைக் கூம்பும் உடையன. பிரிட்டிஷ், அமெரிக்க மரபுகள் இரண்டும் கலந்து, இடையிடையே உள்ளூர்ப் பட்டறைகளும் கைவைத்த ஓர் எந்திரத்தில் இம்மூன்றும் ஒருங்கே காணப்படலாம். அரை அங்குல பி.எஸ்.பி. மரைக்கும் அதே அளவு அமெரிக்கக் குழாய் மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள். மரையின் கோணமோ 55 பாகையும் 60 பாகையும். ஆகவே ஒன்று மற்றொன்றில் சில சுற்று தடையின்றி ஏறும், இறுக்கியதாகவும் தோன்றும், அழுத்தம் ஏறியதும் கசியும். டேப் சுற்றி மேலும் முறுக்குவது கசிவை மறைத்து உறையையே விரிசலுறச் செய்யும். மரை அளவியை வைத்துப் பார்ப்பதே முறை. ஃபிளேஞ்சு இணைப்புகளிலும் கோட் 61, கோட் 62 என இரு வகை உண்டு. குழாயின் துளை ஒன்றாயிருந்தும் போல்ட்களின் இடைவெளி வேறாகையால் இவை தவறான பொருத்தத்தைத் தாமே தடுத்துவிடுகின்றன. இது நல்ல வடிவமைப்பு.

பக்கெட் பற்களிலும் டயர்களிலும் இத்தகைய சிக்கல் குறைவு. பற்கள் அளவுக் குறியால் இனம் காணப்படுகின்றன. 23.5-25 என்ற டயர்க் குறியில் முன்னெண் அகலத்தையும் பின்னெண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் தரும். மூட்டுப் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் புதிதாக வாங்குவதைவிட, துளையை லைன் போரிங் செய்து அளவுக்கேற்ற புஷ் கடைந்து போடுவதே மலிவு. லேத் பட்டறைகள் நிறைந்த சென்னையில் இது எளிது. கழற்றி விற்கப்படும் வாகனப் பாகங்களுக்குப் புதுப்பேட்டைச் சந்தை நெடுங்காலமாகப் பெயர்பெற்றது.

இந்தியாவில் கட்டுமான எந்திரங்களுக்கான புகை வரம்பு 2011 ஏப்ரலில் மூன்றாம் நிலைக்கும், 2021 ஏப்ரலில் நான்காம் நிலைக்கும் உயர்ந்தது. நான்காம் நிலையுடன் மின்னணுக் கட்டுப்பாட்டு எரிபொருள் அமைப்பு பரவலானதால், புதிய எஞ்சினைப் பழைய லோடரில் ஏற்ற விரும்புவோர் அதன் கணினிப் பெட்டி, உணரிகள், கம்பித் தொகுப்பு ஆகியவற்றையும் சேர்த்தே ஏற்ற வேண்டியதாகிறது. இதனால் மெக்கானிக்கல் பம்பு உள்ள முந்தைய எஞ்சின்களைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவதே, பழைய லோடர்களை ஓட்டும் சிறு கிரஷர்களுக்குக் கட்டுப்படியாகும் வழியாக எஞ்சுகிறது.